கடலிலேயே குடியிருக்கும் மோட்டார்

கழிமுகத்தில் கட்டிப் போட்ட ஃபைபர் படகின் மோட்டாரை மூன்று வாரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். இறக்கும்போது பளபளவென்று இருந்த கியர் பெட்டி முழுக்க வழுவழுவென்று பாசி படர்ந்திருக்கும். பாசிக்கு நடுவே உப்புக்கல் அளவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் பாசி வந்துவிடும், புள்ளி வராது. இன்னும் ஒரு மாதம் அப்படியே விட்டால் அந்தப் புள்ளிகள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வளர்ந்து, தொட்ட கையை அறுக்கும். தண்ணீர் உறிஞ்சும் ஜல்லடைத் துளைகள் பாதி அடைபட்டிருக்கும். ப்ரொப்பெல்லர் இலைகள் சொரசொரவென்று முதலைத் தோல் மாதிரி ஆகியிருக்கும்.

இதைப் பார்த்ததும் படகுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, 'இதுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்?' என்பதுதான். கேள்வியிலேயே கொஞ்சம் பிசகு இருக்கிறது என்பது என் எண்ணம். கடலில் ஒட்டி வளர்வனவற்றை விரட்ட மனிதனுக்குத் தெரிந்த பழைய, நம்பகமான நஞ்சு செம்பு. படகின் பின்பலகையில் வெளியே தொங்கும் இந்த அவுட்போர்டு மோட்டாரின் உடம்போ அலுமினியக் கலவை. உப்புத் தண்ணீரில் இவை இரண்டையும் சேர்த்து வைத்தால் அலுமினியம்தான் முதலில் போகும். அதனால் படகின் அடிப்பாகத்துக்குச் சரிப்படும் வைத்தியம் மோட்டாருக்குச் சரிப்படாது. பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், மோட்டாரும் மிஞ்சும்.

இந்த எஞ்சின் பிறந்த இடத்தில் கடலே கிடையாது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட் தன் மோட்டாரை விற்கத் தொடங்கியது 1909-இல். கோடை வெயிலில் ஏரியின் அக்கரை வரை துடுப்புப் போட்டுப் போய், காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவந்தாராம். வந்து சேர்வதற்குள் அது உருகிப்போன கடுப்பில்தான் மோட்டார் யோசனையே வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஏரி நிஜம், நன்னீரும் நிஜம். இரண்டு திருகாணியால் படகின் பின்பலகையில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகும் பொருளாகத்தான் அது செய்யப்பட்டது. இரவும் பகலும் உப்புநீரில் ஊறிக் கிடக்க வேண்டும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, ஒட்டுவது யார்? வெள்ளைப் புள்ளியாகத் தொடங்கும் அந்த ஆசாமிக்கு ஆங்கிலத்தில் பார்னக்கிள் என்று பெயர், தமிழில் கொட்டலசு. கரையில் பலர் பொதுவாகச் சிப்பி என்றே சொல்லிவிடுவார்கள். பார்த்தால் சிப்பி மாதிரிதான் இருக்கும், ஆனால் அது சிப்பி இனமே அல்ல. இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. சார்லஸ் டார்வின் தன் வாழ்நாளில் எட்டு வருடம் இந்த ஒரு உயிரினத்தை ஆராய்வதில் கழித்திருக்கிறார். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவில் நீரில் மிதந்து, ஆறு முறை உருமாறி, கடைசியில் ஒரு விசித்திரமான பருவத்தை அடைகிறது. அந்தப் பருவத்தில் அது சாப்பிடாது. அதன் ஒரே வேலை வீடு பார்ப்பது. இரண்டு உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டுத் தொட்டு, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, பிடித்திருந்தால் தலைகீழாக நின்று தலையை ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆயுள் முழுக்க அந்த இடம்தான். சுண்ணாம்புச் சுவர் எழுப்பிக்கொண்டு, கூரைக் கதவைத் திறந்து கால்களை வெளியே நீட்டி, நீரைத் துழாவிச் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கும்.

அதன் வீடு பார்க்கும் வழக்கத்தில் மோட்டார்காரர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒட்டிய பிறகு நகர முடியாது என்பதால், துணைக்குப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தாக வேண்டும். ஆகவே குஞ்சுகள் ஏற்கெனவே கொட்டலசு இருக்கும் இடத்தைத் தேடித்தான் வருகின்றன. பெரியவற்றின் ஓட்டில் இருக்கும் ஒருவகைப் புரதமே அவற்றுக்கு அடையாளம். மேலே இருக்கும் கூம்பை மட்டும் தட்டிவிட்டு, அடியில் வட்டமாக ஒட்டியிருக்கும் வெள்ளைத் தட்டை விட்டுவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு அழைப்பிதழ் கொடுத்த மாதிரி.

கொட்டலசு தனியாக வருவதில்லை. சுத்தமான உலோகத்தைக் கடலில் இறக்கிய சில நிமிடங்களிலேயே நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்கள் அதன் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். சில மணி நேரத்தில் பாக்டீரியா, பின்னே நுண்பாசிகள். கைக்கு வழுவழுப்பாகத் தட்டுப்படுவது இதுதான். அப்புறம் கொட்டலசு, குழாய்ப் புழு, மட்டி எல்லாம் வரிசையாக. குளிர் நாடுகளில் இந்தக் குடியேற்றத்துக்குப் பருவம் உண்டு, குளிர்காலத்தில் அடங்கிவிடும். நம் கடலில் தண்ணீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருப்பதால் முழு ஓய்வு என்று ஒன்று கிடையாது. இப்போது எண்ணூர் கழிமுகத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் ஒரு மட்டி வேறு சேர்ந்திருக்கிறது. தென் அமெரிக்கப் பக்கத்து இனமான அது, தரையில் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்து ஊர் மட்டிகளை மூடிவிட்டது. கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கணிப்பு. இறாலுக்குப் போகும் ஆட்கள் பட்ட பாடு தனிக்கதை.

ஒட்டினால் என்ன நஷ்டம்? ப்ரொப்பெல்லரின் வேலையே இலையின் வழவழப்பிலும் வளைவிலும்தான் இருக்கிறது. அதன் மேல் சொரசொரப்பு ஏறினால் எஞ்சின் அதே வேகத்தில் சுற்றினாலும் படகு முன்பு போல் நகராது. ஆள் ஆக்சிலரேட்டரைத் திருகுவார், எரிபொருள் போகும். படகின் அடிப்பகுதிக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்கப் போர்க்கப்பல் வகை ஒன்றுக்குப் போட்ட கணக்கில், அடிப்பகுதி முழுக்கச் சுண்ணாம்பு ஓடுகள் கனமாக ஒட்டியிருந்தால் அதே வேகத்துக்கு 86 சதவீதம் கூடுதல் திறன் தேவைப்படும் என்று வந்தது. ஃபைபர் படகுக்கு அதே எண் பொருந்தாது. ஆனால் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் விற்கும் விலையில் அதில் கால்வாசி நஷ்டம்கூட மாதக் கணக்கைப் புரட்டிப் போடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. அவுட்போர்டு மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது, கடல்தான் ரேடியேட்டர். கியர் பெட்டியின் பக்கவாட்டு ஜல்லடை வழியாக நீர் உள்ளே வரும். இம்பெல்லர் என்ற ரப்பர் சுழலி அதை மேலே தள்ளும். சிலிண்டரைச் சுற்றிய குறுகிய வழிகளில் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும். அதில் ஒரு சிறு பங்கு மேலிருந்து மெல்லிய தாரையாகப் பீச்சும். 'மோட்டார் தண்ணி அடிக்குதா?' என்று கரையிலிருந்து ஒருவர் கத்துவது அந்தத் தாரையைப் பற்றித்தான்; ஆளைப் பற்றி அல்ல. ஜல்லடையில் நாலைந்து கொட்டலசு உட்கார்ந்தால் தாரை மெலியும். குஞ்சுகள் ஜல்லடையைத் தாண்டி உள்ளேயும் போகும். அங்கே வளர்ந்து செத்து உதிரும் ஓடு, இம்பெல்லரின் ரப்பரைக் கிழிக்கலாம், சூடேறினால் திறக்கும் அடைப்பானான தெர்மோஸ்டாட்டில் சிக்கலாம். கூடவே, சூடான சுவரில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி இன்னும் குறுகும். பிறகு நடுக்கடலில் எஞ்சின் கொதித்து நிற்கும். கடல்நீரால் குளிரும் எதற்கும் இந்தத் தொல்லை உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையம்கூடக் கடல்நீர்க் குழாயில் பச்சை ஆளி என்ற மட்டி குடியேறாமல் இருக்க நீரில் குளோரின் கலந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நம் மோட்டாருக்கு அந்த வைத்தியம் வேண்டாம், குளோரின் அலுமினியத்தை அரித்துவிடும்.

இனி செம்புக்கு வருவோம். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்கு முழுக்கச் செம்புத் தகடு அடித்தது. கப்பல் மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் போய்விட்டுத் திரும்பியபோது ஒட்டுயிர் விஷயத்தில் அருமையான பலன்: மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் இல்லை, கொட்டலசும் இல்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் உளுத்துப் பசையாகிப் போயிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணி நன்றாக இருந்தது. உப்புநீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் பேட்டரி உருவாகும், அதில் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும் என்ற பாடத்தை வோல்டா தன் பேட்டரியைச் செய்வதற்கு முன்பே ஒரு கப்பல் சொல்லிக்கொடுத்துவிட்டது.

செம்பு ஏன் வேலை செய்கிறது என்பதையும் அதே கடற்படைதான் காசு செலவழித்துக் கற்றுக்கொண்டது. தகடுகள் சீக்கிரம் தேய்கின்றன என்று வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியிடம் போனார்கள். 1824-இல் அவர் கொடுத்த யோசனை அழகானது. செம்போடு ஒரு சிறு துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைத்தால், அந்தத் துண்டு தான் கரைந்து செம்பைக் காப்பாற்றும். காப்பாற்றவும் செய்தது. ஆனால் காப்பாற்றப்பட்ட செம்பின் மேல் பாசியும் கொட்டலசும் மொய்த்துக் கப்பல்கள் மந்தமாகிவிட்டன. சில வருடங்களில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். செம்பு மெல்லக் கரைந்து நீரில் கலப்பதுதான் உயிரினங்களுக்கு நஞ்சு. கரையாத செம்பு அவற்றுக்கு வெறும் தரை. சதுர செண்டிமீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் செம்பு கசிந்தால்தான் கொட்டலசு ஒதுங்கும் என்பது பெயின்ட் செய்பவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவுகோல்.

இந்த இரண்டு கதைகளையும் அப்படியே மோட்டாருக்குக் கொண்டுவாருங்கள். கடைகளில் கிடைக்கும் வழக்கமான படகு அடிப்பெயின்டில் இருப்பது செம்பு ஆக்சைடு. அதை மோட்டாரின் காலில், அதாவது நீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியில், அடித்தால், கசியும் செம்பு அயனிகள் எங்கே அலுமினியம் வெளியே தெரிகிறதோ அங்கே போய்ப் படியும். கல்லில் மோதிய கீறல் ஒன்று போதும். படிந்த ஒவ்வொரு செம்புத் துகளும் ஒரு குட்டி பேட்டரி. சுற்றியுள்ள அலுமினியம் குழி குழியாக அரிக்கப்பட்டு, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கி, உள்ளே வெள்ளைப் பொடியாக உதிரும். கொட்டலசைச் சுரண்டினால் போய்விடும், இந்தக் குழி போகாது. படகின் அடியில்கூடச் செம்போ கிராஃபைட்டோ கலந்த பெயின்ட் வேண்டாம் என்கிறது மோட்டார் செய்யும் யமஹாவின் கையேடு. செம்புப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமானால் மோட்டாரைச் சுற்றிப் பின்பலகையில் குறைந்தது 40 மில்லிமீட்டர் இடம் விட்டு அடியுங்கள் என்பது இன்னொரு மோட்டார் நிறுவனமான மெர்க்குரியின் அறிவுரை. டின்னில் மிச்சம் இருக்கிறதே என்று மோட்டாருக்கும் ஒரு கை பூசிவிடுபவர்களுக்காகவே எழுதிய வரிகள் அவை.

செம்புக்குப் பதிலாக ஒரு காலத்தில் வெள்ளீயச் சேர்மம் ஒன்று வந்தது, சுருக்கமாக டிபிடி. அலுமினியத்துக்கு அது பகையில்லை, ஒட்டுயிர்களுக்கோ செம்பைவிடக் கொடிய நஞ்சு. 1960-களிலிருந்து உலகம் முழுக்க அதுதான் ராஜா. கதை பிரான்சின் அர்காஷோன் விரிகுடாவில் திரும்பியது. அங்கே வளர்ப்புச் சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகத் தடித்து, உள்ளே சதையே இல்லாமல் போயின. புதிய சிப்பிக் குஞ்சுகள் வந்து ஒட்டுவதும் நின்றது. சில கடல் நத்தைகளில் பெண்களுக்கு ஆண்குறி முளைத்தது. 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் இந்தப் பெயின்டை பிரான்ஸ் 1982-இல் தடை செய்தது. 2001-இல் உலகளாவிய உடன்படிக்கை உருவாகி, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எங்காவது பழைய டின் கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். ஒதுக்குப்புறக் கழிமுகத்தில் பத்துப் படகு போதும், மட்டி எடுத்துப் பிழைக்கும் பக்கத்து ஊரின் வயிற்றில் அடிக்க.

இன்று மோட்டாருக்கென்று கிடைப்பவற்றில் முக்கியமானது செம்பு தயோசயனேட் வகைப் பெயின்ட். ட்ரைலக்ஸ் 33 இந்த வகைதான். அதிலும் செம்பு உண்டு, ஆனால் நீரில் கரைவது குறைவு. அலுமினியத்தில் படியும் ஆபத்தும் குறைவு. துணைக்கு ஜிங்க் பைரிதியோன் போன்ற பாசிக்கொல்லியைச் சேர்ப்பார்கள். 'அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது' என்று டின்னில் போட்டிருப்பதை மட்டும் நம்பி நேராக அடித்துவிடக் கூடாது. உலோகத்தைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, எபாக்சி பிரைமர் குறைந்தது இரண்டு கோட் கொடுத்து, அதன் மேல்தான் இந்தப் பெயின்ட். காகிதம் கிழியாத இடத்தில் ஆணி பிழைத்ததல்லவா, இங்கே அந்தக் காகிதத்தின் வேலையைப் பிரைமர் செய்கிறது. ஜல்லடைத் துளைகளைப் பெயின்டால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்த பெயின்ட் ஒரு பருவம் தாங்கினால் நல்லது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ப்ரொப்பெல்லரில் எந்தப் பெயின்டும் நிற்பதில்லை, சுற்றும் வேகத்தில் உரிந்துவிடும். அதற்கென்று சிலிகோன் பூச்சுகள் வந்திருக்கின்றன. அவற்றில் நஞ்சு கிடையாது. பரப்பு வழுக்குவதால் ஒட்டியது ஓட்டத்தில் கழன்று விழும், அவ்வளவுதான். அடிக்கடி ஓடும் படகுக்கு நல்ல பலன் தரும். மாதக் கணக்கில் நிற்கும் படகில் காசைக் கடலில் போட்ட கதை. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் மெழுகைப் பூசுபவர்களும் உண்டு. பெயின்டில் மிளகாய்த்தூள் கலந்தால் கொட்டலசு வராது என்ற நம்பிக்கை பல நாட்டுப் படகுக்காரர்களிடமும் இருக்கிறது. மிளகாயைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்பேன். பழைய எஞ்சின் ஆயிலைத் தடவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒட்டுயிரைத் தடுக்காது, கடலை மட்டும் கெடுக்கும்.

மோட்டாரின் காலில் திருகியிருக்கும் சாம்பல் நிறத் துத்தநாகக் கட்டியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. பலர் அதைக் கொட்டலசுத் தடுப்பு என்று நினைக்கிறார்கள். இல்லை. டேவி செம்புக்குச் செய்ததையே அது அலுமினியத்துக்குச் செய்கிறது: தான் கரைந்து மோட்டாரைக் காக்கிறது. ஒட்டுயிரோடு அதற்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அதன் மேல் கொட்டலசு மூடிவிட்டாலோ, அழகுக்கு என்று அதற்கும் பெயின்ட் அடித்துவிட்டாலோ அது செத்த கட்டி. அரிப்பு நேராக மோட்டாருக்குப் போகும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஒரு வருடமாகியும் புதிது போலவே இருக்கிறதே என்று யாராவது சந்தோஷப்பட்டால், கட்டிக்கும் மோட்டாருக்கும் இடையே தொடர்பு விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். நன்னீரும் உப்பும் மாறி மாறி வரும் முகத்துவாரங்களில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் ஏறி அது வேலையை நிறுத்திவிடுவதுண்டு. அங்கெல்லாம் அலுமினியக் கட்டியே மேல்.

இவ்வளவு பெயின்ட் கதைக்கும் பிறகு நான் வந்து நிற்கும் இடம் எவின்ரூட் தொடங்கிய இடம்தான். மோட்டாரை நீரிலிருந்து தூக்கு. நீரில் இல்லாத பொருளில் கொட்டலசு குடியேறாது. நம் கரையில் இது புதிய ஞானமும் இல்லை. கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மரம் காய்ந்தால் மிதப்புத் திரும்பும், துளைக்கும் புழு சாகும், ஒட்டியது உதிரும். வள்ளங்களுக்கு மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசியது அதற்கு மேல் ஒரு காப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியபோதும், மணலில் ஏற்றும் ஊர்களில் இந்தப் பழக்கம் தானாகவே தொடர்ந்தது. டிராக்டர் வைத்துப் படகை இழுத்துவிட்டு, மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். திருடன் பயம் பாதிக் காரணம் என்று வைத்துக்கொண்டாலும், கொட்டலசுத் தடுப்புக்குத் திருடனைவிட நல்ல துணை கிடையாது. சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் என்ற மீன்பிடி மேம்பாட்டு அமைப்பினர் 1980-களில் கரையேற்றும் படகுகளை வடிவமைத்தபோதுகூட, ப்ரொப்பெல்லரோடு சேர்த்துத் தூக்கிக்கொள்ளும் டீசல் எஞ்சின் ஏற்பாட்டைத்தான் செய்து பார்த்தார்கள். அவர்கள் நோக்கம் மணலில் தட்டாமல் இருப்பது. கொட்டலசு ஒட்டாமல் இருந்தது இலவசம்.

சிக்கல் தொடங்குவது படகு நீரிலேயே நிற்கும் இடங்களில். பாக் விரிகுடாவின் சேற்றுக் கரையில் படகுகள் இடுப்பளவு தண்ணீரில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆள் நடந்துதான் கரைக்கு வருவார். யாழ்ப்பாணக் கடனீரேரிப் பக்கமும் அப்படித்தான். புதிதாகக் கட்டிய துறைமுகங்களுக்குள் படகை மணலில் ஏற்ற இடமே இல்லை. இதனோடு மோட்டாரின் எடையும் கூடிக்கொண்டே போகிறது. 9.9 குதிரைத்திறன் மோட்டார் 40 கிலோவுக்கு முன்பின் இருக்கும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். 40 குதிரைத்திறன் என்றால் 70 கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தினமும் கழற்று என்று சொல்பவர் ஒருநாள் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

கழற்ற முடியாவிட்டாலும் சாய்க்க முடியும். திரும்பி வந்ததும் மோட்டாரை முழுக்கச் சாய்த்து, ப்ரொப்பெல்லரும் அதன் கீழ்த் துடுப்பும் நீர்மட்டத்துக்கு மேல் இருக்கிறதா என்று படகுக்கு வெளியே நின்று பாருங்கள். வலையும் ஐஸ் பெட்டியும் பின்னால் குவிந்திருந்தால் பின்பகுதி தாழ்ந்து, கால் நுனி நீரில் நனைந்துகொண்டே இருக்கும். அந்த நுனியில் மட்டும் தாடி மாதிரி வளர்ச்சி தொங்கும் மோட்டார்களைத் துறைமுகத்தில் எங்கும் பார்க்கலாம். பாரத்தை முன்னால் நகர்த்தினாலே தீர்ந்துவிடும். ஏனோ யாரும் செய்வதில்லை. சாய்த்த மோட்டார் அலையில் ஆடும்போது பூட்டின் மேல் மொத்த எடையும் விழுவதால், பூட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சாய்த்ததோடு வேலை முடியாது, உள்ளே தேங்கிய கடல்நீர் காய்ந்து உப்பாகும். நல்ல தண்ணீரில் கழுவுவதற்கு ஊரில் இருக்கும் எளிய வழி 200 லிட்டர் டிரம். மோட்டாரை அதன் விளிம்பில் மாட்டி, ஜல்லடை நன்றாக மூழ்கும் வரை நீர் நிரப்பி, மெதுவான ஓட்டத்தில் 10, 15 நிமிடம் விட்டால் தெர்மோஸ்டாட் திறந்து, நன்னீர் எல்லா வழிகளிலும் போய்வரும். நன்னீர் உப்பைக் கரைக்கும். உள்ளே நுழைந்த கடல் குஞ்சுகளுக்கும் அது ஆகாது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் செய்வது கைக்கு நல்லது. புதிய நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்களில் ஹோஸ் மாட்டவே தனி வாய் இருக்கும். ஆனால் அதில் மாட்டும்போது எஞ்சினை ஓட்டக் கூடாது என்பது பல மாடல்களுக்கு விதி, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீரே இல்லாமல் 'ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்க்கிறேன்' என்று இழுப்பது இம்பெல்லரைக் கருக்கும் வேலை. கழுவிய பிறகு மோட்டாரை நேராக நிமிர்த்தி வைத்தால்தான் உள்ளே இருப்பது முழுக்க வடியும்.

சாய்க்கவும் வழியில்லாத இடத்தில் இன்னொரு தந்திரம் உண்டு. தடித்த ரப்பர் பூசிய துணிப் பையையோ கனமான பிளாஸ்டிக் பையையோ காலுக்கு உறை மாதிரி மாட்டி, மேலே இறுக்கிக் கட்டி, உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றிவிடுவது. வெளிச்சமும் இல்லை, புது நீர் ஓட்டமும் இல்லை, உப்பும் இல்லை. குஞ்சுக்கு உள்ளே வர வழியே இல்லை. உறைக்கு வெளியே வளரட்டும், உறையை மாற்றிக்கொள்ளலாம். பைக்குள் பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் நல்லது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், போடாதீர்கள்; அதுவும் குளோரின்தான். உறையைக் கழற்ற மறந்து எஞ்சினைக் கிளப்பிவிடாமல் இருக்க ஸ்டார்ட்டர் கயிற்றில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைப்பது நல்ல பழக்கம்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? மோட்டாரைக் கரையேற்றி நன்னீரில் சில நாள் ஊற விடுங்கள், கொட்டலசு பெரும்பாலும் செத்துவிடும். ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன் மரத்துண்டாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ பக்கவாட்டில் தள்ளினால் வரும். இரும்பு உளி போட்டால் பெயின்டும் சேர்ந்து வரும், அரிப்புக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. மிஞ்சும் வெள்ளைத் தட்டுக்கு நீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துப் போட்டால் சுண்ணாம்பு இளகும். அப்புறம் நன்னீரில் கழுவிவிட வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட் வேகமாக வேலை செய்யும் என்பது உண்மைதான், சுண்ணாம்பை முடித்துவிட்டு அலுமினியத்தையும் அதே வேகத்தில் தின்னும். விசைப்படகுக்காரர்களுக்குத் தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பதால், படகைக் கரையேற்றிச் சுரண்டி, பெயின்ட் அடிக்க ஒரு கட்டாய அவகாசம் கிடைக்கிறது. அவுட்போர்டு மாட்டிய ஃபைபர் படகுகளுக்கு இங்கே பொதுவாக அந்தத் தடை இல்லாததால் அவகாசமும் இல்லை. ஓடாத நாளைப் பார்த்துத் தானாகச் செய்துகொண்டால்தான் உண்டு.

எல்லாம் சரியாகச் செய்து, மோட்டாரைத் தூக்கிக் காயவைத்து, நாலு வாரம் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருந்தாலும் கடலில் இறக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தண்ணீர் பீச்சும் துளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுப் பாருங்கள். கொட்டலசுக்கு எட்டாத அந்தச் சின்னத் துளை, குளவிக்கு மண்கூடு கட்ட ரொம்பப் பிடித்த இடம்.